மண் தொட்டியில் வெள்ளையாகப் பூக்கிறது, துடைத்தாலும் திரும்ப வருகிறது

பால்கனி_பச்சை:

வணக்கம். சென்னை, ஓ.எம்.ஆர். பக்கம் ஏழாவது மாடியில் இருக்கிறோம். ஹாலிலும் பால்கனியிலும் சேர்த்து பதினான்கு மண் தொட்டிகள். பீஸ் லில்லி, மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஒரு குட்டை இட்லிப்பூ, இரண்டு கறிவேப்பிலை, மற்றதெல்லாம் சில்லறை.

எல்லாத் தொட்டியிலும் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கிறது. கோலமாவு டப்பா கவிழ்ந்த மாதிரி. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது, மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடியும். நர்சரியில் கேட்டேன், பூஞ்சை என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை. மாமியார் "அது உப்பும்மா, எங்க வீட்டுச் சுவரெல்லாம் இப்படித்தான் பொரிஞ்சு கிடந்தது" என்கிறார். பீஸ் லில்லியின் இலை நுனி வேறு காய்ந்து பழுப்பாகிறது.

தொட்டி மட்டமா? பேசாமல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிடலாமா?

கத்திரிக்காய்_காம்பு:

மாமியார் சொன்னதுதான் சரி. பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி இழை இழையாக இருக்கும், தொட்டால் ஈசிக்கொள்ளும், ஒரு முடைநாற்றம் வரும். உப்பு விரலில் நறநறவென்று இருக்கும். நனைத்தால் கண்ணுக்குத் தெரியாது, காய்ந்ததும் மறுபடி தெரியும். சந்தேகமாக இருந்தால் வீட்டில் உள்ள வினிகரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுண்ணாம்புப் படிவு என்றால் நுரைக்கும். பூஞ்சை மருந்தை நிறுத்திவிடுங்கள் அக்கா, அதிலும் உப்பு இருக்கலாம்.

மழைத்தூறல்:

எனக்கு அந்த வெள்ளை பிடிக்கும். புதுத் தொட்டி கடையில் வைத்த பொம்மை மாதிரி இருக்கிறது. நான்கைந்து வருடம் ஆனால்தான் அதற்கு ஒரு முகம் வருகிறது. வேண்டுமென்றே தயிரைப் பூசி நிழலில் வைத்துப் பாசி பிடிக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் என்னடாவென்றால் துடைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

சட்டிசூளை:

தொட்டி மட்டமா என்று கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சூளை போடுகிறோம்.

புதுத் தொட்டியில் முதல் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றும்போது வெளுப்பது மண்ணிலேயே இருக்கும் உப்பு. கண்மாய் மண் எல்லாம் ஒன்று இல்லை. கரைப்பக்கம் உவர் ஏறிய இடத்தில் வெட்டினால் அந்த உப்பு தொட்டியோடு வரும். மண் பிசைகிற தண்ணீர் உப்பாக இருந்தாலும் அப்படித்தான். சூளையில் வைத்துச் சுட்டாலும் அது போகாது. எங்கள் அப்பா பானையை வாங்கிப் போகிறவர்களிடம் "ரெண்டு நாள் தண்ணியில போட்டு வைங்க, ஒரு தடவ தண்ணிய மாத்துங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார். அப்படிச் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று உண்டு. தொட்டியில் சின்னக் குழி விழுந்து, குழிக்குள் வெள்ளைப் பொட்டு தெரியும். அது சுக்கான்கல். மண்ணைச் சலிக்காமல் விட்டால் அந்தக் கல் சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும், அப்புறம் ஈரம் பட்டதும் உப்பி மேல்தோலைத் தள்ளிக்கொண்டு வரும். அது மட்டும் எங்கள் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வாங்கி ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் பூத்துக்கொண்டே இருந்தால் அது நீங்கள் ஊற்றுகிற தண்ணீர். தொட்டியைத் திட்டாதீர்கள். தண்ணீர்ப் பானையிலும் இதே கதைதான். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வந்து காய்வதால்தான் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. காய்கிற தண்ணீர் உப்பை வெளியே விட்டுவிட்டுப் போகும். சுவரின் நுண்துளைகள், அதாவது கண், உப்பால் அடைத்துப்போன பழைய பானையில் தண்ணீர் குளிராது. அதற்குத்தான் எங்கள் ஆத்தா தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்ப்பார்.

பால்கனி_பச்சை:

அண்ணா, மிக்க நன்றி. வினிகர் விட்டுப் பார்த்தேன். விஷயம் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது.

என்னிடம் பழைய தொட்டிகள் நான்கு இருக்கின்றன, தாம்பரம் பக்கம் வாடகை வீட்டில் இருந்தபோது வாங்கியவை. அவற்றில் விளிம்போரம் ஒரு கெட்டியான பொருக்கு. தண்ணீரில் ஊறவைத்தும் போகவில்லை, நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்கிறது. வினிகர் விட்டதும் சோடா மாதிரி நுரைத்தது.

இங்கே வந்தபிறகு வாங்கிய பத்துத் தொட்டியிலும் வேறு மாதிரி. பஞ்சு போல, ஊசி ஊசியாக, ஊதினால் பறக்கிறது. தண்ணீர் பட்டால் மொத்தமாகக் கரைந்துவிடுகிறது. வினிகருக்கு லேசாக நுரைத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன் (மாமியார் பார்க்காதபோது). உப்புக் கரித்தது, கூடவே சோப்பு மாதிரி ஒரு வழவழப்பு.

இரண்டும் ஒன்றா?

ஓய்வு_வாத்தியார்:

இரண்டும் ஒன்றல்ல அம்மா. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன், என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இவ்வளவு நன்றாகக் கவனித்து எழுதியதில்லை. ஆனால் நாக்கில் வைப்பதை நிறுத்துங்கள். உரம், பூச்சிமருந்து எல்லாம் அதே வழியாகத்தான் வெளியே வருகிறது.

பழைய தொட்டியில் இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் தம்பி. போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். தண்ணீர் சுவரில் காயும்போது கரியமில வாயு பிரிந்துபோய், கரையாத கார்பனேட்டாக இறுகிவிடும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே பொருள். தண்ணீருக்கு அசையாது, அமிலத்துக்கு நுரைத்துக் கரையும்.

எவ்வளவு படியும் என்று ஒரு சின்னக் கணக்கு. டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு மில்லிகிராமில், 1,000 என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. தொட்டிக்குத் தினம் அரை லிட்டர் ஊற்றி, கீழே எதுவும் வடியாமல் பார்த்துக்கொண்டால், மாதம் 15 கிராம், வருடம் 180 கிராம். செடி அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், தண்ணீர் ஆவியாகிவிடும், மற்ற உப்புக்குப் போக்கிடம் இல்லை. மண்ணில் தங்க வேண்டும், அல்லது சுவர் வழியாக வெளியே வந்து பூக்க வேண்டும். இந்திய தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. நாம் குடித்தால் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் இருப்பது ஒரே ஒரு துளை, அதிலும் தரை நனையக்கூடாது என்று நாம் சொட்டு வடிய விடுவதில்லை.

பிளாஸ்டிக்குக்கு மாற்றலாமா என்று கேட்டீர்களே. மாற்றினால் வெள்ளை தெரியாது, அவ்வளவுதான். வெளியே போக வழியில்லாத உப்பு முழுவதும் வேரோடு இருக்கும்.

புதுத் தொட்டி விவகாரம் எனக்கு வேறு சந்தேகத்தைத் தருகிறது. உங்கள் அடுக்ககத்தில் என்ன தண்ணீர்? தண்ணீரின் கடினத்தன்மையை நீக்குகிற சாஃப்ட்னர் இருக்கிறதா?

பால்கனி_பச்சை:

இருக்கிறது சார். போரும் லாரியும் கலந்து சம்ப்பில் விழுகிறது, அப்புறம் சாஃப்ட்னர் வழியாக மேலே ஏறுகிறது. அதனால்தான் தண்ணீர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சோப்பு நன்றாக நுரைக்கிறது, குழாயில் பொருக்கு இல்லை, ஷவரில் ஒரு துளைகூட அடைக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் வாரம் ஒருமுறை இரண்டு மூட்டை உப்பைத் தூக்கிக்கொண்டு போய் அதில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதும்போதே உறைக்கிறது. அந்த உப்பு எங்கே போகிறது?

ஓய்வு_வாத்தியார்:

கேள்வி அதுதான்! மூட்டை உப்பில் பெரும்பகுதி கழிவுநீராகச் சாக்கடைக்குப் போகும். அதிலிருக்கும் சோடியத்தில் ஒரு பங்கு உங்கள் பால்கனிக்கு வருகிறது.

சாஃப்ட்னருக்குள் மணி மணியாக ரெசின் இருக்கும். தண்ணீரில் வருகிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். பண்டமாற்று. ரெசினில் சோடியம் தீர்ந்துவிட்டால் உப்புக் கரைசலைக் கொட்டி மறுபடி நிரப்ப வேண்டும், வாட்ச்மேன் தம்பி செய்வது அந்த வேலை. கடினத்தன்மை போகிறதே தவிர உப்பு குறைவதில்லை. எடைக்கணக்கில் 40 பங்கு கால்சியம் போனால் 46 பங்கு சோடியம் வரும். மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள், சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் டி.டி.எஸ். கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், ஒரு இழை கூடக்கூட இருக்கலாம்.

அதனால் உங்கள் புதுத் தொட்டியில் பூப்பது சோடியம் உப்புகள். தண்ணீரில் கரையும், காய்ந்தால் பஞ்சாகப் பூக்கும். அந்தச் சோப்பு வழவழப்பு சோடியம் கார்பனேட். அந்தக் காலத்தில் வண்ணார் துணி வெளுக்க அள்ளி வந்த உவர்மண்ணில் இருப்பதும் அதுவே.

அடுத்துச் சொல்வது கொஞ்சம் கசப்பானது. கால்சியம் செடிக்கு உணவு, சோடியம் அப்படி இல்லை. சோடியம் ஏறிய மண் களர் நிலம் மாதிரி இறுகும், தண்ணீர் ஊற்றினால் மேலேயே குளம் கட்டி நிற்கும். உங்கள் தொட்டியில் அப்படி நிற்கிறதா? இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா?

பால்கனி_பச்சை:

நிற்கிறது. நரம்பும் தெரிகிறது. சத்துக்குறைவு என்று நினைத்து 19:19:19 உரத்தைக் கரைத்து வாராவாரம் ஊற்றிக்கொண்டு இருந்தேன்.

ஓய்வு_வாத்தியார்:

அதுவும் உப்புதான் அம்மா. மண் காரமானால் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூ அதை முதலில் காட்டிக்கொடுக்கும், அடுத்து கறிவேப்பிலை. உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

செங்கல்_சிமென்ட்:

கட்டுமான வேலையில் இருக்கிறேன். தொட்டியும் செங்கலும் அண்ணன் தம்பி என்பதால் உள்ளே வருகிறேன்.

செங்கல்லுக்கு இதற்கென்றே ஒரு சோதனை உண்டு, ஐ.எஸ். 3495 மூன்றாம் பகுதி. தட்டில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, செங்கல்லை ஒரு முனையில் நிறுத்தி, தண்ணீர் முழுவதும் உறிஞ்சி ஆவியாகும் வரை விட வேண்டும். அப்புறம் இன்னொரு முறை. எவ்வளவு பரப்பில் வெள்ளை வந்திருக்கிறது என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் லேசு, 50 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமை. சூளைக்காரர் சொன்ன "தொட்டியா, தண்ணீரா" வழக்கை வீட்டிலேயே தீர்க்கலாம். காலித் தொட்டியை மழைத்தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். அப்போதும் வெளுத்தால் தொட்டி, வெளுக்காவிட்டால் நீங்கள் ஊற்றும் தண்ணீர்.

வெள்ளை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் பேசும். அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வளையமாக இருந்தால் தட்டில் தண்ணீர் தேங்குகிறது, சுவர் அதை உறிஞ்சுகிறது. மேல் விளிம்பில் மட்டும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறீர்கள், உப்பு கீழே இறங்காமல் மேலேயே சுற்றுகிறது. உடம்பு முழுக்க என்றால் பொதுவாகத் தண்ணீரிலேயே உப்பு அதிகம்.

முக்கியமாக ஒன்று. வெள்ளையை மறைக்கிறேன் என்று தயவுசெய்து வெளியே பெயின்ட் அடிக்காதீர்கள். வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால் பெயின்ட் கொப்புளித்து உரிவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே வர முடியாத உப்பு தோலுக்குப் பின்னால் படிகமாகும், அது வளர்வதற்கு இடம் கேட்டுத் தள்ளும். அப்புறம் பெயின்ட்டோடு தொட்டியும் செதில் செதிலாக உதிரும். வெளியே பூக்கிற உப்பு பார்க்கத்தான் அசிங்கம், உள்ளே பூக்கிற உப்பு தொட்டியைத் தின்னும்.

பால்கனி_பச்சை:

நேரம் பார்த்துச் சொன்னீர்கள். ஆறு தொட்டிகளுக்கு வார்லி ஓவியம் வரைந்து வைத்திருக்கிறேன். நடனமாடுகிற பொம்மைகளுக்கெல்லாம் இடுப்புக்குக் கீழே கொப்புளம்.

நொய்யல்_கரை:

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீதிக்கு வாருங்கள், எட்டு வருடத் தொட்டியும் செக்கச்செவேல் என்று இருக்கும். (சும்மா சொன்னேன். எங்கள் வீட்டிலேயே மாடிக்கு ஏறுவது போர் தண்ணீர்தான்.)

நான் ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன். வீணாக்காமல் செடிக்கு விடுவது நல்லதுதானே?

கத்திரிக்காய்_காம்பு:

அய்யோ, அதில்தானே உப்பு கூட இருக்கும்!

நொய்யல்_கரை:

எல்லாரும் இப்படித்தான் பயமுறுத்துகிறார்கள். இரண்டு வருடமாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே.

ஓய்வு_வாத்தியார்:

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. உள்ளே போகிற தண்ணீரின் டி.டி.எஸ். 800 என்று வையுங்கள். நான்கு லிட்டர் போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 50-இல் வருகிறது, மூன்று லிட்டர் வெளியேறுகிறது. மொத்த உப்பு 3,200 மில்லிகிராம், அதில் 50 போக மீதி 3,150, அதை மூன்றால் வகுத்தால் லிட்டருக்கு 1,050. ஆக 800 என்பது 1,050 ஆகிறது. பூதம் ஒன்றும் இல்லை. உள்ளே போவது 300 என்றால் வெளியேறுவதைத் தாராளமாக ஊற்றலாம். 1,500 என்றால் தரை கழுவ, கழிவறைக்கு. உங்கள் ஊர்த் தண்ணீர் லேசாக இருப்பதால் தப்பித்திருக்கிறீர்கள். ஓ.எம்.ஆர். அம்மா அதே காரியத்தைச் செய்தால் தப்பிக்க மாட்டார்.

மழைத்தூறல்:

ஏசி தண்ணீர்?

ஓய்வு_வாத்தியார்:

காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, அதில் உப்பு அநேகமாக இல்லை. தூசி உண்டு, குழாயில் பாசி உண்டு. தொட்டிச் செடிக்குப் பரவாயில்லை. குடிக்காதீர்கள்.

சட்டிசூளை:

கழுவுவது பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. பஞ்சு மாதிரிப் பூப்பதற்கு வினிகர் வேண்டாம், காய்ந்திருக்கும்போதே பிரஷால் தட்டி முறத்திலோ பேப்பரிலோ பிடித்துக் குப்பையில் போடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். அக்கா மூன்று நாளுக்கு ஒருமுறை செய்துகொண்டிருந்தது அதுதான்.

பொருக்குக்கு வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. செடியை எடுத்துவிட்டுக் காலித் தொட்டியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, அப்புறம் வெறும் தண்ணீரில் ஓர் இரவு. கெட்டியாக இருந்தால் இன்னொரு முறை. கழிவறை கழுவுகிற ஆசிட்டைத் தொடாதீர்கள். பொருக்கு நொடியில் போகும், ஆனால் அதன் மிச்சம் சுவருக்குள் இறங்கி அதுவே புது உப்பாகப் பூக்கும்.

கத்திரிக்காய்_காம்பு:

வினிகரோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பக்கத்து வீட்டில் இப்படிக் கலந்து, கண் எரிய வெளியே ஓடி வந்தார்கள்.

பால்கனி_பச்சை:

ஆறு வாரம் ஆகிவிட்டது, வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மீட்டர் வாங்கினேன். சம்ப்பில் 980, எங்கள் குழாயில் 1,010. வாத்தியார் சொன்னது அப்படியே. வாட்ச்மேன் அண்ணனிடம் சாஃப்ட்னருக்குப் போகாத குழாய் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "தோட்டத்துக்கு விடுறதே அதுலதான்மா, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி" என்றார். கீழே புல்லும் செம்பருத்தியும் அவ்வளவு செழிப்பாக இருக்கிறதே என்று தினமும் பார்த்துவிட்டு லிஃப்ட்டில் ஏறியிருக்கிறேன்.

இப்போது இரண்டு கேனில் அந்தப் போர் தண்ணீரும், கூடவே ஏசி தண்ணீரும் கலந்து ஊற்றுகிறேன். மோசமாக இறுகிப்போன நான்கு தொட்டிக்கு மண்ணையே மாற்றினேன். வேரோடு வந்த மண் உருண்டை காய்ந்த களிமண் பொம்மை மாதிரி இருந்தது, உடைத்தால் சுவரோரம் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. மற்றவற்றைப் பால்கனியில் வைத்து, தொட்டி கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டேன். முதலில் வடிந்ததை அளந்தேன். 3,400. நான் ஊற்றிய தண்ணீரைப் போல மூன்று மடங்குக்கு மேல். கடைசியில் 1,300-க்கு வந்தது.

பீஸ் லில்லியில் காய்ந்த நுனி காய்ந்ததுதான், கத்தரித்துவிட்டேன். புது இலை இரண்டு முழுதாக வந்திருக்கின்றன. இட்லிப்பூ இன்னும் முறைத்துக்கொண்டு இருக்கிறது. தொட்டிகளில் வெள்ளை நிற்கவில்லை, ஆனால் மெலிந்திருக்கிறது, பஞ்சு இல்லை.

வார்லித் தொட்டிகளைச் சுரண்டிவிட்டேன். அதில் ஒன்று மட்டும் கையோடு ஒரு சில்லு உரிந்து வந்தது.

செங்கல்_சிமென்ட்:

அதைச் செடிக்கு வைக்காதீர்கள், சீக்கிரம் உடையும். வரைகிற ஆசை இருந்தால் வரையுங்கள், ஆனால் செடியைத் துளை போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை மண் தொட்டிக்குள் இறக்கிவிடுங்கள். ஈரம் சுவரைத் தொடாது. அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் மாதம் ஒருமுறை எடுத்து நன்றாக வடியவிட்டால் போதும்.

மழைத்தூறல்:

உரிந்த தொட்டியை எனக்குக் கொடுத்துவிடுங்கள். நான் மேடவாக்கம்தான், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பால்கனி_பச்சை:

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பதிலுக்கு இரண்டு கேன் மழைத்தண்ணீர் இருந்தால் கொண்டுவாருங்கள், சூளை அண்ணன் செங்கல் சார் இருவரின் வழக்கும் இன்னும் பாக்கி இருக்கிறது. காலித் தொட்டி ஒன்றைத் தட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.